பாதுஷா சுமந்த இருபது பேர்

இதுல ஒரு எழுத்து பொய்யின்னாலும் என் மீசை உதிரட்டும். ரெண்டு பக்கமும் வேணாம், ஒரு பக்கம் உதிர்ந்தாலே ஊரு சிரிக்கப் போதும். அவ்வளவும் நெசம்.

சோலைமுடி சரணாலயத்துல கொண்டப்பன்னு ஒரு மலையணில் இருந்தான். பூனை கனத்துக்கு ஒடம்பு. அதைவிட நீளமா வாலு. வாலைவிட நீளமா வாயி. கல்யாணம்தான் ஆகலை. ஆகவும் வழியில்ல. அந்தக் காட்டுல இருக்கிற பொட்டை அணில் எல்லாமே அவனுக்குத் தங்கச்சி முறை.

ஒருநாள் இருவாச்சிப் பறவை வந்து கிளையில உக்காந்தான்.

"மாப்ளே, இருபது மைலுக்கு அந்தாண்ட பெரும்பாறை சரணாலயம் இருக்குல்ல? அங்க ஒச்சப்பன்னு ஒரு பெரிய அணிலு, அத்திமரத்தை விட்டு எறங்காத தீனிக்காரர். அவர் மக சிட்டம்மா. அங்கயும் உன் கதைதான், இருக்கிற பயலுக எல்லாம் பங்காளிக. வெளிக்காட்டு மாப்பிள்ளைதான் வேணுமாம். வெள்ளிக்கெழமைக்குள்ள வந்து நிக்கலைன்னா, தெக்குக் காட்டுக்குச் சொல்லி விட்டுடுவாராம்."

"அப்ப என்னையத் தூக்கிட்டுப் போ."

"எம்பொண்டாட்டி பொந்துக்குள்ள முட்டை மேல உக்காந்திருக்கா. நேரத்துக்குப் பழம் போகலைன்னா கொத்தியே கொன்னுடுவா. உன் பாட்டை நீ பாரு."

பறந்துட்டான்.

ரெண்டு காட்டுக்கும் நடுவுல பூரா தேயிலைத் தோட்டம். ஒத்தை ஒத்தையா நிழல் மரம் நிக்குது, ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தாவ முடியாது. தரையில எறங்கினா எஸ்டேட் நாய். பொண்ணு பாக்கப் போயி நாய்க்குப் பலகாரம் ஆகறதான்னு கொண்டப்பன் தலையைச் சொறிஞ்சான். அப்பதான் காட்டோரத்துல பாதுஷா மேயறதப் பாத்தான்.

பாதுஷா ஏரிக்கரையில சவாரி போற மட்டக்குதிரை. சீசன் முடிஞ்சதும் அவுத்து விட்டுட்டாங்க. நெத்தி முடி ரெண்டு கண்ணையும் மூடிக் கெடக்கும். பேச்சு மட்டும் பெரிசு.

"பெரும்பாறையா? பத்து வருசமா நடந்திருக்கேன் தம்பி. நான் நடந்த நடையை நீட்டி வெச்சா காசிக்குப் போயிட்டு வந்துடலாம். ஏறு."

புதன்கெழமை காலையில கெளம்பினாங்க. ஒரு மைல் ஜோரா நடந்தான் பாதுஷா. ஒரு நிழல் மரம் வந்துச்சு. சுத்தி ஒரு திரும்பு திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பிச்சான்.

"ண்ணே, எங்க போறீங்க?"

"திரும்பறேன். ஒரு மைல் போகணும், ஒரு மைல் வரணும். அதான் ரவுண்டு."

"எனக்கு ரவுண்டு வேணாம்ணே, நேராப் போகணும்."

"கஸ்டமர் எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எறங்கினப்புறம் நல்லா இருந்துச்சும்பாங்க."

வாலைப் புடிச்சு இழுத்தான், காதைக் கடிச்சான், அழுதும் பாத்தான். ஒண்ணும் நடக்கல. கெளம்பின எடத்துலயே கொண்டாந்து விட்டுட்டான் பாதுஷா. பத்து வருசப் பழக்கம், ஒரு அணில் கடிச்சா போயிடுமா?

கொண்டப்பன் யோசிச்சான். மறுபடி ஏறினான். அதே நிழல் மரம் வந்ததும், பாதுஷா கழுத்தைத் திருப்பறதுக்கு முன்னாடியே மரத்துக்குத் தாவிட்டான்.

"ண்ணே, நான் இங்கயே எறங்கிக்கறேன்."

"பாதியிலயா? உன் இஷ்டம்."

மரத்தைச் சுத்தி அந்தப் பக்கமா வந்தான் கொண்டப்பன். வாலைத் தலையில முக்காடு போட்டுக்கிட்டு, கட்டைக் குரல்ல கேட்டான்.

"ஏம்பா, சவாரி வருமா?"

"வாங்க சார். புது ஆளா? இங்கேருந்து ஒரு ரவுண்டு." பாதுஷா பெரும்பாறைப் பக்கமா நடந்துக்கிட்டே சொன்னான், "இப்ப ஒருத்தன் எறங்கிப் போனான் சார். வாயாடி. காதைக் கடிச்சுட்டான்."

"சில பேரு அப்படித்தான்பா. வளர்ப்பு சரியில்ல," ன்னான் கொண்டப்பன். வேற என்னத்தச் சொல்ல?

அடுத்த மைல்ல மூக்கால பேசுற வியாபாரி. அதுக்கடுத்து காது கேக்காத கெழவன். அப்புறம் திக்குவாய் வாத்தியாரு. ஒம்பதாவதா அந்தக் கெழவனோட தம்பி, பொண்ணோட அப்பனைப் பத்திக்கூட வாயை விட்டான். மைலுக்கு மைல் ஆள் மாறிச்சு. ஒவ்வொரு புது ஆளும், முன்னாடி போன ஆளைப் பத்தி பாதுஷா திட்டுறதைக் கேட்டு ஆமா போட்டாகணும். இருபது மைலும் தன்னைத்தானே திட்டிக்கிட்டுப் போன மாப்பிள்ளை ஒலகத்துலயே இவன் ஒருத்தன்தான்.

வெள்ளிக்கெழமை மத்தியானம் பெரும்பாறை எல்லையில போயி நின்னாங்க. அத்திமரத்துல அணில் கூட்டம். நடுவுல ஒச்சப்பன், பக்கத்துல சிட்டம்மா.

"நான் சோலைமுடிக் கொண்டப்பன். இருபது மைலு தாண்டி வர்றேன் மாமா."

ஒச்சப்பன் குதிரையைக் கேட்டார். "ஏப்பா, எங்கேருந்து ஏறினாரு இவரு?"

"இவரா? ஒரு மைலுக்கு அந்தாண்ட, கடைசி நிழல் மரத்துல," ன்னான் பாதுஷா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஜென்மம்.

மரம் பூரா சலசலத்துச்சு. "ஒரு மைலா? அப்ப இவன் நம்ம பங்காளிப் பயதான்டா. வெளிக்காட்டான்னு வேசம் போடறான். வெரட்டு."

கொண்டப்பன் பாதுஷா பக்கம் திரும்பினான். "ண்ணே, அந்த இருபது பேரும் நான்தான்."

"என்ன தம்பி, என்னையப் பாத்தா கேணையனாத் தெரியுதா?"

கட்டைக் குரலை எடுத்து விட்டான். மூக்குல பேசினான். திக்கினான். பாதுஷா கண்ணு முடிக்குள்ள விரிஞ்சுச்சு. ஆனாலும் விடல. "இதெல்லாம் யாரும் பண்ணலாம். ஒம்பதாவது ஆளு, அந்தக் காது கேக்காத கெழவனோட தம்பி, பொண்ணோட அப்பனைப் பத்தி ஒண்ணு சொன்னான். அதைச் சொல்லு, நம்பறேன்."

கொண்டப்பன் ஒச்சப்பனைப் பாத்தான். சிட்டம்மாவைப் பாத்தான். சொன்னாலும் போச்சு, சொல்லலைன்னாலும் போச்சு.

"பொண்ணோட அப்பன் ஒரு தீனிப்பண்டாரம், அத்திமரத்துக்கே மாப்பிள்ளையாப் போயிருக்க வேண்டியவன்... அப்படின்னேன்."

"அதே வார்த்தை. இவன்தான் அவன். சோலைமுடி எல்லையில முத ஆளா ஏறினவனும் இவன்தான். என் காதைக் கடிச்சவன்," ன்னான் பாதுஷா.

சிட்டம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்புல குலுங்கினா. "அப்பா, அது நெசந்தானே?"

ஒச்சப்பன் தொப்பையைத் தடவிக்கிட்டார். "நெசந்தான். இந்தக் காட்டுல எவனுக்கும் இதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லத் துப்பு கெடையாது. இவன் வெளியூர்க்காரனேதான். பந்தியைப் போடுங்கடா."

நீதி என்னான்னா, பொய் மேல ஏறி எவ்வளவு தூரம் வேணாலும் போகலாம், எறங்கறப்ப உண்மைதான் கை குடுத்தாகணும்.

கதை முடிஞ்சுச்சு, எங்க எந்திரிக்கறீங்க? ஆளுக்கு ஒரு கை வறுத்த கடலையை வெச்சுட்டு நகருங்க. இல்லாதவங்க, கேட்ட கதையைக் காதுலேருந்து எடுத்து என் கையில குடுத்துட்டுப் போங்க.