சீட்டின் ஐந்தாவது வரி

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டும் பூமியில், கல்லாகிப்போன கடல் ஜந்துக்கள் கிடைக்கும். அவற்றைப் பற்றி முப்பது வருஷம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர் பேராசிரியை குணவதி. அவரிடம் படித்து இப்போது தானும் கல்லூரியில் பாடம் எடுக்கிற அறவாழி, ஒருநாள் காலையில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

“மேடம், இந்த அக்கிரமத்தைப் பாருங்க!”

கையில் ஓர் ஆராய்ச்சி இதழ். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு சங்கிலி ஓடையில் அவன் எடுத்துவந்த கடல் பல்லியின் தாடை அதில் படமாக இருந்தது. ‘பார்த்துவிட்டுத் தருகிறோம்’ என்று வாங்கிப்போன வடக்கத்தி நிறுவனம் இன்றுவரை திருப்பித் தரவில்லை. கட்டுரையில் அவர்கள் ஆட்கள் ஒன்பது பேரின் பெயர். அறவாழிக்கு ஒரே வரி: ‘உள்ளூர்வாசி ஒருவர் கண்டெடுத்தது.’

“உள்ளூர்வாசியாம்! எனக்கு என்ன அப்பா அம்மா பேரு வைக்கலையா? வெயில்ல மண்டை காஞ்சவன் நான். ஏசி ரூம்ல உக்காந்தவன் பேரெல்லாம் வரிசையா இருக்கு!”

அநியாயம்தான். யாருக்கும் வயிறு எரியும். குணவதிக்கும் எரிந்தது.

“சும்மா விடக்கூடாது. அந்த நிறுவனத்துக்கு எழுது. ஆதாரம் என்ன வச்சிருக்கே?”

“சீட்டு இருக்கு மேடம். அன்னிக்கு அங்கேயே எழுதினது.”

அது குணவதி பழக்கிய பழக்கம். கல்லைச் செய்தித்தாளில் சுற்றுமுன் பென்சிலால் ஐந்து வரி எழுதி உள்ளே வைக்க வேண்டும். எண், தேதி, இடம், மண் அடுக்கு, கண்டவர் பெயர். நகல் ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரு வரி விட்டுப்போனாலும் கல்லைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகச் சத்தம் போட்டுப் படித்தார். ஐந்தாவது வரியில் நின்றார்.

“கண்டவர்: ஆடு மேய்க்கும் பெண்.”

அறவாழி இதழை மடியில் வைத்துக்கொண்டான்.

“அந்தம்மா காட்டினாங்க மேடம். எடுத்தது நான்தான். அவங்களுக்கு அது என்னன்னே தெரியாது.”

“பேரு?”

“கேக்கல.”

“எவ்வளவு நேரம் கூட இருந்தாங்க?”

“சாயங்காலம் வரைக்கும். கடப்பாரை பிடிச்சாங்க. குடிக்கத் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க.”

குணவதியின் முகம் சிவந்துவிட்டது.

“என்கிட்ட படிச்சவன்தானேடா நீ? போய்க் கேட்டுட்டு வா. அப்புறம் எழுதலாம்.”

மறுநாள் போனான். ஓடையில் பாதியைச் சுரங்கம் தின்றிருந்தது. ஆடுகளுக்குக் கிளை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் பார்த்ததுமே அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க சார். இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“உங்க பேரு வேணும்மா. ஒரு கடுதாசியில எழுதணும்.”

“நல்லாருக்கே நியாயம்! லாரிக்காரன் ஏத்திடப் போறான்னு ரெண்டு மழைக்கு முள்ளு வெட்டிப் போட்டு அதைக் காத்தவ நான். அவனுங்ககிட்ட எத்தனை ஏச்சு வாங்கினேன் தெரியுமா? படிச்ச மனுசன் வந்தா காட்டணும்னு வச்சிருந்தேன். நீங்க வந்தீங்க. ‘சுத்தம் பண்ணிக் கொண்டாந்து காட்டறேம்மா’ன்னு சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போனீங்க. எங்க அது?”

“வாங்கிட்டுப் போனவங்க இன்னும் திருப்பித் தரலம்மா.”

“கல்லைக் கொண்டாந்து காட்டுங்க. அப்புறம் பேரு சொல்றேன்.”

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயேவிட்டார். ஊருக்குள் யாரைக் கேட்டாலும் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அவனுக்குக் கேட்க மனம் வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த இரண்டு பக்கக் கடிதத்தைக் குணவதியிடம் நீட்டினான். அவர் பேனாவைத் திறந்தார்.

“ஏழு இடத்துல உன் பேரு இருக்கு. எல்லாத்தையும் அடி. கல்லைத் திருப்பிக் கேளு.”

அறவாழி உட்கார்ந்து புதிதாக எழுதினான். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது. தாடையை அது கிடைத்த ஊருக்கே உடனே திருப்பி அனுப்ப வேண்டும், அதற்கு உரியவர் ஒருவர் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார் என்று முடித்துவிட்டு, கையெழுத்துப் போடப் போனான்.

“நில்லு. ஒண்ணுன்னு எண் போட்டு, அந்த இடத்தைக் காலியா விடு. ரெண்டாவதா நீ போடு. மூணாவதா நான் போடறேன்.”

“முதல் ஆளு யாருன்னு கேப்பாங்களே மேடம்?”

“கேக்கட்டும். கல்லு வந்தாத்தான் தெரியும்னு சொல்லு.”