ரசத்துக்குப் பாத்தி

"ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு அம்மா. நான் எப்படிப் பங்கு பிரிப்பேன்?"

கேட்டவர் நமச்சிவாயம். தலை முழுக்க நரை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த குருவம்மாவுக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை. ஆனாலும் அவர்தான் குரு, இவர்தான் சீடர்.

"யார் யார் சொல்றது?"

"மேலச்சோலையும் கீழச்சோலையும்."

மலைச்சரிவில் அடுத்தடுத்து இருக்கும் புறநகர்கள். இரண்டின் வீட்டு வரியும் ஒரே பொது நிதியில் விழுகிறது. இரண்டிலும் வீடு இல்லாத பொது மனிதர் என்பதால், அதைப் பிரித்துக் கொடுக்கும் வேலை ஆசிரமவாசியான நமச்சிவாயத்தின் தலையில் விழுந்தது.

"மேலச்சோலைத் தலைவர் தனக்கோடி, 'அடுக்குமாடி எல்லாம் எங்க பக்கம். வரி கட்டுனவங்களுக்குத்தானே சேரணும்?' அப்படிங்கிறார்."

"சரி."

"கீழச்சோலைத் தலைவி பிலோமினா, 'எங்களுக்கு வடிகால் வேணும், மழைக்கு முன்னாடி வேணும்'னு சொல்றாங்க."

"அதுவும் சரி."

"அதான் அம்மா கேக்கறேன்."

குருவம்மா கீரைத்தண்டை ஒடித்தார்.

"நாளை மத்தியானம் ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடுங்க. அரிசி அவங்கவங்க கொண்டு வரட்டும்."

"பங்கு?"

"உங்களுக்கு ரசம் வைக்கத் தெரியுமா?"

"சுமாரா வைப்பேன்."

"தண்ணியா வைங்க."

தனக்கோடி காரில் வந்தார். அரிசி மூட்டையை டிரைவர் இறக்கினார். பிலோமினா ஷேர் ஆட்டோவில் வந்தார். கையில் ஒரு சின்னத் தூக்கு, அதில் அரிசி. எல்லாம் ஒரே பானையில் வெந்தது.

உணவுக்கூடத்தின் தரை, கழுவிவிட வசதியாகச் சரிவாகப் போட்டது. இரண்டு இலையும் ஒட்டி ஒட்டி விரித்திருந்தது. தனக்கோடி மேட்டுப்பக்கம் உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை, பழக்கதோஷம்.

"கொண்டு வந்ததுக்குத் தகுந்த மாதிரி வைங்க" என்றார் குருவம்மா.

நமச்சிவாயம் அப்படியே வைத்தார். தனக்கோடியின் இலையில் சோறு குன்றாக நின்றது. பிலோமினாவின் இலையில் ஒரு பிடி.

"இதைத்தான் நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்றேன்" என்றார் தனக்கோடி.



குருவம்மா ரசத்தோடு வந்தார்.

"சோறு நிறைய இருக்கு உங்களுக்கு. ரசமும் நிறைய வேணுமே."

கரண்டி கரண்டியாக ஊற்றினார். தனக்கோடி பாத்தி கட்டவில்லை. அவர் மடியிலா விழப்போகிறது? ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூட அவர் குனிந்து பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா. மிளகு நல்லா இருக்கு."

பிலோமினாவின் பிடிச்சோறு முதலில் மிதந்தது. பிறகு காணாமல் போனது. பிறகு ரசம் இலையைத் தாண்டியது. அவர் சேலையைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே செருகிக்கொண்டார்.

தனக்கோடி இப்போதுதான் திரும்பினார்.

"அடடா, சேலை நனையுதே. எந்திரிம்மா."

"பரவால்ல அண்ணே, பழக்கம்தான். ஐப்பசி வந்தா உங்க தெருத் தண்ணி மொத்தமும் எங்க வீட்டுக்குள்ளதான். பிள்ளைங்களைக் கட்டில் மேல ஏத்தி வச்சுத்தான் சோறு போடுவோம்."

"அதுக்கு? ஒரு பாத்தி கட்டிக்கிறதுதானே. ரசத்துக்குப் பாத்தி கட்டாம யாராவது சாப்பிடுவாங்களா?"

"எதை வச்சு அண்ணே?"

ரசம் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

தனக்கோடி தன் குன்றைப் பார்த்தார். பிலோமினாவின் இலையைப் பார்த்தார். பெரிய மனசு வந்துவிட்டது போலிருக்கிறது, பிசைந்த கையாலேயே ஒரு வாய்ச் சோற்றை அந்தப் பக்கம் தள்ளப்போனார்.

பிலோமினாவின் இடது கை குறுக்கே வந்தது.

"கை வச்ச சோறு எச்சில் அண்ணே. நீங்க தின்னு மிஞ்சினதுக்கா நான் ஆட்டோ ஏறி வந்தேன்? என் அரிசியும் அந்தப் பானையிலதான் வெந்துச்சு."

தனக்கோடியின் கை அந்தரத்தில் நின்றது.

நமச்சிவாயம் குருவம்மாவைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்.

"மோருக்குச் சோறு வைங்க" என்றார் குருவம்மா. அவ்வளவுதான்.

அடுக்களை வாசலில் ஒரு பெரிய அண்டா இருந்தது. அதற்குள் ரசத்தைவிடத் தண்ணியான மோர்.

நமச்சிவாயம் பானையைத் தூக்கினார். மேட்டு இலைக்கு வந்ததும் கால் தானாக நின்றது. பெரிய இடத்துக்கு முதலில் வைத்துத்தானே இத்தனை காலமும் பழக்கம். பிறகு நகர்ந்தது. தாண்டிப் போயே விட்டது.

போட்ட முதல் கரண்டி கீழ் இலையில்.

தனக்கோடி நிமிர்ந்தார். சண்டை என்றுதான் நமச்சிவாயம் நினைத்தார்.

தனக்கோடியின் கண் அண்டாவில் இருந்தது. அந்த மோரும் இதே சரிவில்தான் இறங்கும்.

"நல்லாப் போடுங்க" என்றார். "ஒரு கரண்டி எந்த மூலைக்கு?"

நமச்சிவாயம் போட்டார். போட்டுவிட்டு, இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் வேறு கிடைக்காது என்று கேட்டும் வைத்தார்.

"சோத்துலதானேங்க சொல்றீங்க? இல்ல, வரியிலயுமா?"

"பானை ஒண்ணுதானய்யா" என்றார் தனக்கோடி எரிச்சலோடு. "வடிகாலுக்கு எடுத்து வச்சுட்டு அப்புறம் என் இலைக்கு வாரும்."

பிலோமினா சோற்றைக் குவித்தார். நடுவில் குழித்தார். விளிம்பைச் சுற்றிலும் அழுத்தி அழுத்தி உயர்த்தினார். ஒரு பருக்கை வீணாகவில்லை. சுருட்டிச் செருகியிருந்த சேலையை உதறி இறக்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப வரச் சொல்லுங்கம்மா, மோரை."