விருந்தினர் வழி

மேகங்கள் ஜன்னல் வழியே வந்து போகும் உயரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று ஆனவர்கள் கடைசி நாட்களை வலியில்லாமல் கழிக்க அங்கே வருவார்கள். அதை நடத்தியவர் பூங்கோதை அம்மா. அவருடைய சீடர் சேந்தன் அவரைவிட வயதில் மூத்தவர். முன்பு சென்னையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்த்தவர்.

மழைக்காலம் தொடங்கியபோது, நோயாளியைப் பார்க்க வந்த யாரோ சுவரில் இருந்த நெட்வொர்க் இணைப்பில் தன் லேப்டாப்பைச் செருகினார். அதிலிருந்து பரவிய வைரஸ் மருந்துக் குறிப்புகளை அழித்துவிட்டது. யாருக்கு எவ்வளவு மருந்து என்று தெரியாமல் எல்லோரும் தவித்தார்கள். ஒரு முதியவர் மதியம் முழுக்க வலியில் கத்தினார். அவர் கையைப் பிடித்தபடி சேந்தன் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு, எல்லா கம்ப்யூட்டர் வயர்களும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியை அவர் புதிதாக அமைத்தார். எதைச் செருகினாலும் அது முதலில் 'நீ யார்?' என்று கேட்கும். சரியான பெயரும் பாஸ்வேர்டும் வந்தால் வழி திறக்கும். வராவிட்டால் திறக்காது.

"பதில் சொல்லத் தெரியாதவங்க வந்தா?" என்று கேட்டார் அம்மா.

"வெளியவே இருக்கட்டும்மா."

அம்மா மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு நோயாளிகளிடம் போனார்.

ஒரு காலை, மேகம் வராந்தாவுக்குள் இறங்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி வந்தாள். பெயர் இமெல்டா. தூத்துக்குடிப் பக்கம். அவளுடைய அப்பா சூசை கடலிலேயே காலம் கழித்தவர். இப்போது உள்ளே கட்டிலில் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, தம்பி கப்பல்ல இருக்கான். அப்பா முகத்தக் காட்டணும். போன்ல டவரே இல்ல. வயரச் சொருகினா இதுலயும் ஒண்ணும் வரல."

"உங்க பேரு அதுல இல்லம்மா."

"என்ன கேக்குது அது?"

"நீங்க யாருன்னு."

"நான் அவரு மவ. வேற என்ன சொல்லணும்?"

சேந்தனுக்கு அந்த முதியவரின் கத்தல் மறுபடி காதில் கேட்டது. அசையாமல் நின்றார்.

பூங்கோதை அம்மா அருகில் வந்தார். "எதுக்குப் பயப்படுறீங்க?"

"மருந்துக் குறிப்பு இருக்கும்மா. போன தடவை ஆனது போதும்."

"இவங்க அதையா கேக்குறாங்க?"

சேந்தன் அவளைப் பார்த்தார். அவள் கேட்டது உள்ளே வர வழி அல்ல. கடல் வரைக்கும் போக ஒரு வழி.

அவர் சுவிட்சின் முன் உட்கார்ந்தார். பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கென்று தனியாக ஒரு வழியை அமைத்தார். அது வெளி உலகுக்கு மட்டும் போகும். உள்ளே இருக்கும் எதையும் தொடாது. சிறு விளக்கு பச்சையாக மாறியது.

கட்டிலருகே வைத்த லேப்டாப் திரையில் தம்பி வந்தான். அவனுக்குப் பின்னால் வெயிலில் மினுங்கிய கடல். அறை முழுக்க மேகமாக இருந்ததால், கட்டில்தான் தண்ணீரில் மிதக்கிறதோ என்று தோன்றியது.

சூசை கண் திறந்தார். மகனைப் பார்த்தார். பிறகு அவனுக்குப் பின்னால் பார்த்தார்.

"காத்து மாறுதுல... பாத்துப் போ."

"சரிப்பா," என்றான் மகன். அழுதுகொண்டே சிரித்தான்.

அன்று பொழுது சாயும்போது சூசை போய்விட்டார்.

எல்லாம் முடிந்து, மலைச்சரிவில் அம்மாவும் சேந்தனும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே எதுவும் தெரியவில்லை. ஒரே வெண்மை.

"அம்மா, யாருன்னு சொல்லத் தெரியாதவங்களுக்கு எல்லாம் இடம் கொடுத்துக்கிட்டே இருக்கலாமா?"

"நீங்க இங்க வந்த அன்னிக்கு, யாருன்னு கேட்டேன்."

"பதில் தெரியாம நின்னேன்."

"எந்த ரூம் கொடுத்தேன்?"

"விருந்தினர் ரூம்."

"அப்புறம் மாத்தினேனா?"

"இல்லம்மா. பதில் கிடைச்சா மாத்துவீங்கன்னு இருக்கேன்."

மேகம் இருவருக்கும் நடுவே வந்தது. அம்மாவின் முகம் மறைந்தது. குரல் மட்டும் வந்தது.

"பக்கத்து விருந்தினர் ரூம்லதானே நானும் இருக்கேன்."