மார்பளவு படி

பஸ்தியேனுக்கு அநியாயம் செய்தது வேறு யாருமில்லை, அவனுடைய சொந்தக் குருதான்.

பிரெஞ்சுப் புரட்சிக்குச் சில வருஷம் முன்பு, பாரிஸில் எரிந்துபோன ஒரு தர்ம ஆஸ்பத்திரியைத் திரும்பக் கட்டப் போட்டி வைத்துக் கட்டடப் படம் கேட்டிருந்தார்கள். நடுவர்களுக்கு பஸ்தியேனின் படம் பிடித்துப்போயிற்று. அந்த வேலை கிடைத்திருந்தால் அவன் இனி யாருக்கும் எடுபிடியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நடுவர்களில் ஒருவர் மறுத்தாலும் தள்ளுபடி என்பது விதி. மறுத்தவர் மொரெல்.

அதே மொரெல்தான் அவனுக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர். மேகத்தைத் தொடும் குவிமாடங்கள், முடிவே தெரியாத தூண் வரிசைகள், காகிதத்தில் மட்டும் நிற்கும் மாளிகைகள். கட்டடத்தை வரைந்து முடித்த பிறகுதான் மனிதர்களை வரைய வேண்டும். பஸ்தியேன் வரைந்த மனிதர்களை அவர் கத்தியால் சுரண்டிவிட்டு, "இன்னும் சின்னதாக வரை. இவர்கள் சிறுத்தால்தான் அது உயரும்" என்பார். வருஷக்கணக்காக இதே பாட்டு.

இப்போது மட்டும் என்ன வந்ததாம்?

படத்தைச் சுருட்டிக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனான்.

"என்ன குறை கண்டீர்கள், ஐயா? உங்களைவிடப் பெரிதாக வரைந்துவிட்டேனா?"

"வரைந்துவிட்டாய்" என்றார் மொரெல். படத்தை விரித்தார். வாசல் படிக்கட்டின் கீழே, அரிசி அளவுகூட இல்லாத ஒரு பெண். "யார் இவள்?"

"யாரோ. நோயாளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்."

அளவெடுக்கும் கவராயத்தை நீட்டினார். "அவளை அள. பிறகு ஒரு படியை அள."

அளந்தான். படி அவள் மார்பு வரை வந்தது.

"இதற்கா? படியைச் சின்னதாக்கினால் தீர்ந்தது!"

"படி சிறுத்தால் தூண்?"

"அதையும் குறைக்கலாம்."

"குவிமாடம்?"

பஸ்தியேன் மனசுக்குள் குறைத்துப் பார்த்தான். எல்லாம் போய், சுண்ணாம்பு அடித்த ஒரு சாதாரண ஆஸ்பத்திரிதான் மிஞ்சியது.

விடுவானா?

"உங்கள் படங்களில் மட்டும் யார் ஏற முடியும்? ஒன்றையாவது அளந்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"அப்புறம் எதற்கு அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? என்னைக் கெடுத்ததே நீங்கள்தான். இப்போது கவராயத்தை நீட்டுகிறீர்கள்!"

மொரெல் படத்திலிருந்த அந்தப் பெண்ணின் மேல் விரலை வைத்தார்.

"நான் வரைந்ததை இதுவரை யாரும் கட்டியதில்லை, பஸ்தியேன். நீ வரைவதைக் கட்ட ஆள் வருவார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை."