சீனி போடாத மிட்டாய்

“எவ்வளவு போட்டாலும் இனிக்க மாட்டேங்குது” என்றாள் சகர்பானு.

கொண்டுவந்த டப்பாவைச் சமையல் மேடையில் வைத்தாள். உள்ளே ஊதா நிறத்தில் ஜெல்லி மிட்டாய்கள். நாவற்பழச் சாறும் கடல்பாசியும் சேர்த்துக் காய்ச்சியவை. சீனிக்குப் பதிலாகச் சீனித்துளசிப் பொடி.

சுமையா ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

“கசக்குது, லாத்தா.”

“வீட்டுல அவுக இனிப்புப் பத்தலன்னாக. இன்னும் கொஞ்சம் போட்டேன். அப்பவும் பத்தலன்னாக. இன்னும் கொஞ்சம் போட்டேன்.”

“அந்தப் பொடி கூடினா கசக்கும்.”

சகர்பானு டப்பாவை மூடினாள். பக்கத்திலேயே நாற்காலி கிடந்தது. உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.

சுமையாவுக்குச் சிறுமியாக இருந்தபோதே சர்க்கரை நோய். கீழக்கரையில் தன் வீட்டு அடுப்படியிலேயே சீனியில்லாத பலகார வகுப்பு நடத்தினாள். சகர்பானுவைப் போலக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் அவளைவிட வயதில் மூத்தவர்கள்; அக்கா முறையில் அவளுக்கு லாத்தாக்கள்.

சகர்பானுவின் கணவர் சீனி முகம்மதுவுக்கும் அதே நோய். அந்தப் பெயருக்கு அந்த நோயா என்று ஊரில் சிரித்த காலம் உண்டு. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகு யாரும் சிரிப்பதில்லை. இன்னொரு புண் வந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சீனி வாங்குவதில்லை. சோற்றை அவள்தான் அளந்து போட்டாள். படுக்கும் முன் அவர் பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்குகளை டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவுக தட்டையே பாத்துக்கிட்டிருக்கேன். நான் என்ன சாப்பிட்டேன்னு எனக்கே தெரியாது” என்றாள்.

சுமையா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“நேத்து அவுக சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில மிட்டாய்த் தாளு.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாக?”

“‘நீ செய்யிறதெல்லாம் மிட்டாயா’ன்னாக.”

சகர்பானு டப்பாவை ஒதுக்கித் தள்ளினாள்.

“கடையில வாங்கினது மாதிரியே இருக்கணும், சுமையா. வித்தியாசமே தெரியக் கூடாது. அப்படி ஒரு பக்குவம் சொல்லு. எனக்கு முடியல.”

“அப்படி ஒரு பக்குவம் என்கிட்ட இல்ல.”

“அப்ப நான் என்னதான் செய்யிறது?”

“வியாழக்கிழமை வகுப்பு இல்ல. மச்சானைக் கூட்டிட்டு வாங்க.”

“அவுகளையா? அவுக அடுப்படிப் பக்கமே வந்ததில்ல.”

“கூட்டிட்டு வாங்க, லாத்தா.”

*

வியாழக்கிழமை சீனி முகம்மது வந்தார். காலைத் தாங்கித் தாங்கி வைத்து மெதுவாக உள்ளே வந்தார்.

“இவ கூப்பிட்டா, வந்தேன். திங்கிறதுக்குத்தான் வந்திருக்கேன். சொல்லிட்டேன்.”

“வாங்க மச்சான்” என்றாள் சுமையா. அடுப்புக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

தோளில் மாட்டிய கைப்பையைக்கூட இறக்காமல் சகர்பானு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திரத்தை எடுத்தாள்.

சுமையா அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கினாள். கரண்டியையும் வாங்கினாள். இரண்டையும் சீனி முகம்மதுவிடம் கொடுத்தாள்.

“என்னம்மா இது?”

“கடல்பாசி. தண்ணியில ஊறியிருக்கு. அடுப்புல வச்சுக் கரையிற வரைக்கும் கிண்டுங்க.”

“நானா?”

“சுகர் யாருக்கு, மச்சான்?”

அவர் மனைவியைப் பார்த்தார். சகர்பானு சுமையாவைப் பார்த்தாள். சுமையா அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவர் கிண்டினார். கோபமாகத்தான் கிண்டினார். மேடையெல்லாம் தெறித்தது.

“எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த நாக்கு ஒண்ணுதான். அதுக்கும் இவ காவல். சோத்துல காவல், டீயில காவல். வெளிய போயிட்டு வந்தா சட்டைப்பையைத் தடவிப் பாக்குறா. நான் என்ன திருடனா?”

“காலு போயிருமேன்னு பயந்துதானே…” என்றாள் சகர்பானு.

“என் காலு!” என்று கத்தினார் அவர்.

“ஆமா மச்சான்” என்றாள் சுமையா. “உங்க காலுதான்.”

கரண்டி நின்றது.

“நிறுத்தாதீங்க. அடிப்பிடிக்கும்.”

அவர் மறுபடி கிண்டினார். இப்போது தெறிக்கவில்லை.

பாசி கரைந்து கண்ணாடி மாதிரி ஆனது. அடுப்பை அணைத்துவிட்டுச் சாற்றை ஊற்றச் சொன்னாள். ஊற்றினார். சீனித்துளசிப் பொடியை எடுத்து நீட்டினாள்.

“எவ்வளவு போடணும்?”

“சாப்பிடப் போறது நீங்க.”

ஒரு சிட்டிகை போட்டார். கரண்டி நுனியை ஊதி, நக்கிப் பார்த்தார். இன்னொரு சிட்டிகை போட்டார். டப்பாவுக்குள் மறுபடி விரலை விட்டார்.

சகர்பானுவின் கை தானாக முன்னால் நீண்டது. சுமையா அந்தக் கையைப் பிடித்தாள். அப்படியே அவளை அழைத்துப்போய்ச் சுவரோரம் விரித்திருந்த பாயில் உட்கார வைத்தாள்.

சீனி முகம்மது உதட்டை நாவால் தடவினார். கொஞ்சம் யோசித்தார். விரலிலிருந்த பொடியை டப்பாவிலேயே உதிர்த்துவிட்டு மூடினார்.

“போதும்” என்றார்.

சகர்பானு நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்வது அவள் வேலை.

அவர் ஒவ்வோர் அச்சாக ஊற்றினார். மேடையில் கொஞ்சம் சிந்தியது. துடைக்கத் துணி எங்கே என்று கேட்கத் திரும்பினார்.

சகர்பானு சுவரில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியிலிருந்த கைப்பையின் வாரை மட்டும் விரல்கள் விடாமல் பிடித்திருந்தன.

“பகல்ல இவ தூங்கி நான் பாத்ததே இல்ல” என்றார்.

சுமையா துணியை நீட்டினாள். அவரே துடைத்தார்.

மிட்டாய் உறைந்ததும் ஒன்றைத் தட்டி எடுத்து வாயில் போட்டார்.

“எப்படி இருக்கு, மச்சான்?”

“கடை மிட்டாய் மாதிரி இல்ல” என்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

பள்ளிவாசலில் மதியத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். சகர்பானு அசையவில்லை.

“எழுப்பணும்” என்றார் அவர்.

“எதுக்கு?”

“சோத்துக்கு முன்னால மாத்திரை போடணும். அவதான் எடுத்துத் தருவா.”

“என்ன மாத்திரை?”



“வெள்ளையா இருக்கும்.”

சுமையா பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சீனி முகம்மது கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மனைவியின் பக்கத்தில் மெல்லக் குனிந்தார். அவள் விழித்துவிடாமல், விரல் விரலாகப் பிரித்துப் பையை எடுத்தார். உள்ளே நாலைந்து மாத்திரை அட்டைகள் இருந்தன. எல்லாமே வெள்ளை மாத்திரை.

சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதல் அட்டையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.