கடைசி பெஞ்சுக்கு ஒரு சாட்சி

அருமைநாயகம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு சபை ஊழியம் கற்றுக்கொள்ள வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த போதகர் எப்சிபாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வாய் நிறைய "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில், கடவுள் தனக்குச் செய்த நன்மையை அவரவர் எழுந்து சொல்லும் சாட்சி நேரம் உண்டு. மைக்கோடு நின்று ஒவ்வொருவராக அழைப்பது அருமைநாயகத்தின் பொறுப்பு. ஒருவருக்கு விசா வந்திருக்கும். ஒருவர் புது வீட்டில் பால் காய்ச்சியிருப்பார். இன்னொருவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கும். கஷ்டம் தீராத யாரும் மைக் பக்கம் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்படி ஒரு ஞாயிறு எல்லோரும் கலைந்த பிறகு, அருமைநாயகம் மைக்கை மேசைமேல் வைத்தார்.

"இனிமே வேற யாரையாவது வச்சுக்கிடுங்க அம்மா. ஊழியமும் எனக்கு வேண்டாம்."

"ஏன்யா?"

"என் வீட்டுக்காரி சலோமிக்கு வாதம் அடிச்சு வருஷம் ஆகப்போவுது. பேச்சு வரல. நான் பண்ணாத ஜெபம் இல்ல. ஊர்ல எல்லாருக்கும் முடிச்சுக் குடுக்குற ஆண்டவரு என் வீட்டு வாசலை மட்டும் மறந்துட்டாரு. இதுல நான் மத்தவங்கள சாட்சி சொல்லக் கூப்பிட்டா, ஊருக்குத்தான் உபதேசம்னு சிரிக்க மாட்டாவளா?"

பாவம், இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தார்.

எப்சிபா நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினார். அவரும் போய் உட்கார்ந்தார்.

"இங்க யாரெல்லாம் உக்காருவாங்க?"

கண்டக்டர் புத்தி எங்கே போகும்? யார் எந்த இடம் என்பது அவருக்கு மனப்பாடம்.

"இது ரத்தினபாய் இடம். வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்கு. அந்த ஓரத்துல ஆசீர். கோவிச்சுக்கிட்டுப் போன மகன் இன்னும் வரல."

"சாட்சி நேரத்துல அவங்க எங்க இருப்பாங்க?"

"எந்திரிச்சு வெளிய வேப்பமரத்தடிக்குப் போயிருவாவ."

எப்சிபா தலையசைத்தார். "இன்னைக்குக் காலைல சலோமி அம்மாவுக்கு என்ன செஞ்சீங்க?"

"என்னத்தச் செய்ய? தலை சீவி விட்டேன். நமக்குச் சடை பின்ன எங்க வருது? கோணிக்கிட்டுப் போச்சு. கண்ணாடியில பாத்துட்டு ஒரு பக்க வாயால சிரிச்சா."

அதைச் சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்தது.

"நான் பெரிய கோவக்காரன் அம்மா. குழம்புல உப்புக் கொறஞ்சா தட்டு பறக்கும். இப்ப அவ கஞ்சியை என் சட்டையில துப்பினாலும் கோவம் வரல. இந்தப் பொறுமை எங்கருந்து வந்துச்சோ, நான் சம்பாதிச்சது இல்ல."

"அடுத்த மாசம் இதை மைக்ல சொல்லுங்க."

அவர் திகைத்துப் பார்த்தார். "இதெல்லாம் சாட்சியா? அவளுக்குச் சுகமே ஆகலையே. எங்க வீட்டுல புயல் இன்னும் அடிச்சுக்கிட்டுத்தான கெடக்கு?"

"வேப்பமரத்தடியில நிக்கிறவங்களுக்கும் அடிக்கத்தான் செய்யுது."

"அவங்களுக்கு நான் என்னன்னு சொல்ல?"

"புயல் ஓயலைன்னே சொல்லுங்க. கடல்ல தத்தளிச்ச சீஷர்களோட படகுல இயேசு ஏறினது, புயல் ஓஞ்ச பிறகா?"