முப்பத்திரண்டு பங்காளிகள்

முன்னொரு காலத்தில், மேகம் மலையில் முட்டினால் ஊருக்கு மழை, ஆசை ராஜாவின் தலையில் முட்டினால் ஊருக்கு வினை என்று ஒரு நாடு இருந்தது. அதன் தலைநகரம் சாரலூர். ஊருக்கு மேலே ஓர் அருவி. ஆடி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், வறண்ட சீமைகளிலிருந்து ஜனங்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். குளிக்க அருவி இருந்தது, படுக்க இடம்? அதற்குத்தான் சாரலூர்க்காரர்கள் இருந்தார்கள். மாடியை விட்டார்கள், மச்சை விட்டார்கள், மாட்டை வெளியே கட்டிவிட்டுத் தொழுவத்தையும் வாடகைக்கு விட்டார்கள்.

இப்படி முப்பது இரவுக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்கு இரண்டு வரி உண்டு. வாடகையில் பத்தில் ஒரு பங்கு அரண்மனைக்கு, இருபதில் ஒரு பங்கு ஊர்ச்சபைக்கு. கொடுக்க வேண்டியவர் தங்குகிறவர், வாங்கிக் கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். சட்டமெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வரிக்காரன் கதவைத் தட்டினால் ஊர் முழுக்க ஒரே பதில்: "வாடகையா? இவுக எங்க சொந்தக்காரவுக!" சொந்தத்துக்கு வரி கிடையாது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவிடுவான்.

அந்த வருஷம் ஊர்சுற்றிப் புலவர் ஒருவர் சபைக்கு வந்தார். சாப்பாடு பலமாக விழுந்த மயக்கத்தில், "அண்டை நாட்டில் குடிமக்கள் சிரித்துக்கொண்டே ஓடி வந்து வரி கட்டுகிறார்கள், மன்னா!" என்று அளந்துவிட்டுப் போய்விட்டார். ராஜாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாள் சபை கூடியதும் கேட்டார்.

"நம் குடிமக்கள் ஏன் சிரிப்பதில்லை? இந்தச் சாரலிலேயே தங்கல் வரியை அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடி வந்து கட்ட வேண்டும். யாரால் முடியும்?"

வரியமைச்சர் தாண்டவராயர் எழுந்தார். அவருக்கு ரொம்ப நாளாக ஒரு வீட்டின் மேல் கண். சபையின் விகடகவி மாசிலாமணியின் வீடு அது. சின்ன வீடுதான், ஆனால் மாடியில் நின்றால் அருவித் தூவானம் முகத்தில் அடிக்கும். நாளுக்கு மூன்று பொன் வாடகை வாங்கலாம் என்று கணக்குப் போட்டே அமைச்சருக்கு மண்டை பாதி வழுக்கையாகியிருந்தது.

"மன்னர் மன்னவா! சிரிக்க வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் மாசிலாமணி. ஐந்து நாளில் அவரே செய்யட்டும். தடி எடுக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, யாரையும் பொய்யர் என்று சொல்லவும் கூடாது. முடியாவிட்டால் அவர் வீட்டை என் பொறுப்பில் ஒப்படைத்துவிட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. அவருக்கென்ன, வீடா போகிறது?

மாசிலாமணிக்கு அது அப்பா கட்டிய வீடு. அவர் மனைவி செண்பகவல்லி விஷயத்தைக் கேட்டதும் அடுப்பிலிருந்த தோசையை மறந்துவிட்டாள்.

"பொய் சொல்றவங்களைப் பொய்யருன்னு சொல்லக் கூடாதுன்னா, பெறகு என்னதான் செய்யுறது?"

"நம்பிட வேண்டியதுதான்" என்றார் மாசிலாமணி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே புரிந்தது. கருகிய தோசையை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, அரண்மனை முத்திரையும் ஒரு கட்டு ஓலையுமாகக் கிளம்பினார்.

முதல் வீடு உலகம்மையுடையது. வாய்க்குப் பேர்போனவள். உள்ளே ஒன்பது பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இவங்கள்லாம் யாரு தாயி?"

"எங்க சொந்தக்காரவுக! அந்தா தொப்பையோட நிக்காவ பாருங்க, அவுக எங்க வீட்டு மாப்பிள்ளை. மத்தவுக அவுக அண்ணன் தம்பிங்க."

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி மாசிலாமணி அப்படியே எழுதினார், முத்திரை குத்தினார், மாப்பிள்ளைக்கு ஒரு கும்பிடும் போட்டார். உலகம்மைக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை சுலபமாக எந்த அதிகாரியும் அவளை நம்பியதில்லை.

இப்படியே வீடு வீடாகப் போனார். மாமன், மச்சான், சகலை, சம்பந்தி என்று சொன்னதையெல்லாம் எழுதினார். கடைசியாக அமைச்சரின் மாளிகை. அங்கே முப்பத்திரண்டு பேர்! தாண்டவராயர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"அனைவரும் என் பெரியப்பா, சித்தப்பா மக்கள். பங்காளிகள். எழுதிக்கொள்ளும்."

"முப்பத்திரண்டு பேருமா?"

"எங்கள் குடும்பம் பெரிது."

"மனசும் பெரிசு" என்று மாசிலாமணி எழுதி முத்திரை குத்தினார்.

மறுநாள் காலை தெருத்தெருவாகப் பறை அறைந்தார்கள். "இதனால் சகலருக்கும் அறிவிப்பது! நம் ராஜா தம் குடிகளின் வார்த்தையை நம்புகிறார்! ஓலையில் எழுதின உறவு எழுதினதுதான்! அந்த உறவுக்கு வரி கிடையாது! ஆனால் உறவுக்கு உண்டான முறை, மரியாதை, சீர், பங்கு அத்தனையும் உண்டு! உறவு வேண்டாம் என்கிறவர்கள் ஐந்தாம் நாள் உச்சிக்குள் இரண்டு வரியையும் கட்டி ஓலையைக் கிழித்துக்கொள்ளலாம்!"

வீட்டுக்காரர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கியிருந்தவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் உலகம்மை இலை போட்டாள். தொப்பைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன், சாப்பிடலியா?"

"இதென்ன, புளிக்குழம்பு? வீட்டு மாப்பிள்ளைக்குக் கோழி அடிக்கத் தெரியாதா? ஆடிச் சீர் எங்கே? பட்டு வேட்டி எங்கே?"

மாப்பிள்ளை முறுக்கு என்றால் அப்படி ஒரு முறுக்கு! கோழி வந்தது. நெய் இல்லையென்று மறுபடி முறுக்கு. நெய் வந்தது. அதற்குள் எட்டு அண்ணன் தம்பிகளும் 'சம்பந்தி மரியாதை' கேட்டுத் தனித்தனியாகக் கோபித்துக்கொண்டு தனித்தனி மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் 'தாய்மாமன்' என்று எழுதப்பட்ட ஒரு மிளகு வியாபாரி, வீட்டுக் குழந்தையின் காதுகுத்துக்குத் தன் மடிதான் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. எதிர் வீட்டுச் 'சகலை' வீட்டுக்காரரின் ஒரே நல்ல செருப்பை உரிமையோடு மாட்டிக்கொண்டு அருவிக்குப் போனார். ஊரே கல்யாண வீடாகிவிட்டது, தாலி கட்டுவது மட்டும்தான் பாக்கி.

மூன்று நாள் தாங்கினார்கள். ஐந்தாம் நாள் விடிந்ததும் அரண்மனை வாசலில் ஒரே ஓட்டம். முன்னால் உலகம்மை. பின்னால் அவள் மாப்பிள்ளை.

"யய்யா, அந்த ஓலையக் கிழிச்சுப் போடுங்க! எம்புட்டு வரின்னாலும் கட்டுதேன்!" என்றவளுக்குப் பாதியில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஆனா ஒண்ணு. ராசாவுக்கு ஒரு வரி, ஊருக்கு ஒரு வரியா? ஒரு மாட்டுக்கு எத்தனை மூக்கணாங்கயிறுய்யா?"

"தாயி, உன் மாப்பிள்ளை வந்தது யார் போட்ட சாலை?" என்று கேட்டார் மாசிலாமணி.

"ராசா போட்டது."

"அருவியில வழுக்காமக் குளிக்கிறாரே, அந்தப் படியில பாசி சுரண்டுறது யாரு?"

"ஊர்க்காரவுக."

"அதான் ரெண்டு. ரெண்டும் உன் மடியிலிருந்து இல்ல, அவர் மடியிலிருந்து. நீ வாங்கிக் குடுக்கிற கை, அவ்வளவுதான்."

உலகம்மை வாயைப் பிளந்தாள். "என் காசு இல்லியா? இதுக்கா நான் நாலு கோழி அடிச்சேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டவள் தன்னை நினைத்துத் தானே சிரிக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளை காசை எடுத்து நீட்டி, "மூணு நாள் மாப்பிள்ளையா இருந்ததுக்கு இது கொள்ளை மலிவு!" என்று தொப்பை குலுங்கச் சிரித்தார். வரிசை முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. உப்பரிகையிலிருந்து பார்த்த ராஜா கீழே விழாத குறை.

உச்சிவேளை நெருங்கியது. எல்லாரும் கட்டியாகிவிட்டது, அமைச்சரைத் தவிர. அவர் சபைக்கு வந்து கம்பீரமாகச் சொன்னார்:

"மன்னா, ஒரு வீட்டு வரி இன்னும் வரவில்லை. என் வீட்டு வரி. என் பங்காளிகளுக்கு நான் வரி கட்டுவதாக இல்லை. ஆகவே மாசிலாமணி தோற்றார். வீட்டுச் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள்."

மாசிலாமணி மடியிலிருந்து சாவியை எடுத்தார். அதே நேரம் வாசலில் பெரிய இரைச்சல். முப்பத்திரண்டு பேர் அளவுக் கயிற்றோடு உள்ளே நுழைந்தார்கள்.

"மகாராஜா! நாங்கள் அமைச்சரின் பங்காளிகள். ஓலை இருக்கிறது, முத்திரை இருக்கிறது. பூர்வீக மாளிகையை முப்பத்து மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அளந்துவிட்டோம். அமைச்சர் அண்ணனுக்கு மாடிப்படியின் கீழ் நான்கு படியும் ஆட்டுக்கல்லும் வருகிறது."

"ஆட்டுக்கல் மட்டுமா?" என்று ராஜா அக்கறையாகக் கேட்டார்.

"குழவி எங்களுக்கு."

தாண்டவராயர் முகத்தில் ஈயாடவில்லை. மாசிலாமணி மெதுவாகச் சொன்னார்: "அமைச்சர் பெருமான் பொய் சொல்லமாட்டார், அரசே. பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடலாம்."

"பொய்! அத்தனையும் பொய்!" என்று அலறினார் அமைச்சர். "வாடகைக்கு வந்தவர்கள்! இரண்டு வரியையும் இப்போதே கட்டுகிறேன்!"

அவர் மாளிகைக்கு ஓடி, பணப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். உச்சிப் பறை அடிப்பதற்குள் பெட்டியை இறக்கினார்.

"ஓடி வந்தீர், சரி" என்றார் ராஜா. "சிரிப்பு?"

அமைச்சர் பல்லைக் காட்டினார். வேப்பெண்ணெய் குடித்தவர் முகம் அதைவிட இனிமையாக இருக்கும். சபை கொல்லென்று சிரித்தது, ராஜா சிம்மாசனத்தில் உருண்டார்.

"மாசிலாமணி, வீடு என்றைக்கும் உமக்கே! நூறு பொன்னும் தந்தேன். அதோடு ஒரு பெருமையும் தருகிறேன். பத்து நாள் உம் வீட்டு மாடியில் நானே வந்து தங்கி அருவியை ரசிக்கப் போகிறேன். நாளுக்கு மூன்று பொன் வாடகை!"

"பாக்கியம், அரசே" என்று மாசிலாமணி குனிந்து வணங்கினார். நிமிரும்போது உள்ளங்கை நீண்டிருந்தது. "பத்து நாள், முப்பதுக்குக் குறைவு. அரண்மனை வரி மூன்று பொன், ஊர் வரி ஒன்றரைப் பொன்."

"என்னிடமேயா?" ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. "நான் உமக்கு அண்ணன் மாதிரி ஐயா!"

மாசிலாமணி பணிவாக ஓலையை விரித்து எழுத்தாணியை எடுத்தார். "எழுதிக்கொள்ளட்டுமா, அண்ணா? ராஜ்யத்தில் எனக்குக் கிழக்குப் பக்கம் வந்தால் போதும்."

ராஜா ஒரு கணம் அந்த ஓலையையே பார்த்தார். பிறகு சிம்மாசனத்திலிருந்து குதித்தார். கிரீடம் ஒரு பக்கம் சரிய, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, வரி கட்டக் கஜானாவை நோக்கி ஓடினார்.